எடை கூடியதெல்லாம் ஆரோக்கியமல்ல: ஊவா மலைநாட்டுப் பெண்களும் தாய்மையும்

மலையகப் பெண்களின் போஷாக்கு நிலை பற்றிப் பேச முற்படும்போதெல்லாம் மெலிந்த உடலும் இரத்தச்சோகையும் நிறை குறைந்த குழந்தைகளுமே எமது கண்முன் வந்து நிற்கின்றன. இது காரணமின்றி உருவான எண்ணமல்ல. 2006–2007 ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட குடிசன, சுகாதார ஆய்வின்போது பெருந்தோட்டத் துறையைச் சேர்ந்த பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அளவுக்கு மீறி மெலிந்தவராகக் காணப்பட்டார். முழு நாட்டையும் எடுத்துக்கொண்டால் அத்தகையோர் ஆறு பேரில் ஒருவர் மாத்திரமே. 1973 இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷ விநியோகம் முதற்கொண்டு, கர்ப்பிணிகளுக்கான எமது நாட்டின் போஷாக்குத் திட்டங்கள் பலவும் 'நிறையைக் கூட்டுவது எப்படி' என்ற ஒரே கேள்விக்கு விடை தேடியே வந்துள்ளன. கிளினிக்கில் தராசின் முள் சற்று வலப்புறம் நகர்ந்தால் தாயும் மகிழ்வாள், தாயின் தாயும் மகிழ்வாள், நிறையைக் குறித்துக்கொள்பவரும் மகிழ்வார்.

ஆனால் இப்போது பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் ஹப்புத்தளையிலும் கர்ப்பிணிகள் கூடும் இடங்களில் வேறொரு தோற்றமும் தென்படத் தொடங்கியுள்ளது. மெலிந்த தாயின் பக்கத்து இருக்கையிலேயே, கருவுறும் முன்னரே எழுபது கிலோவைத் தாண்டிவிட்ட, உயரம் ஐந்தடியைக்கூட எட்டாத இளம் தாயும் அமர்ந்திருக்கிறாள். மேற்படி 2006–2007 ஆய்வில் அதிக நிறையும் உடற்பருமனும் கொண்ட பெண்கள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 31 பேரளவில் இருந்தனர். 2016 ஆம் ஆண்டின் ஆய்வில் அத்தொகை 45 அளவுக்கு உயர்ந்துவிட்டது. நகரங்களில் இது மிக அதிகம், தோட்டங்களில் குறைவு என்பது உண்மையே. எனினும் தோட்டத்தில் குறைவு என்று ஆறுதல் கொள்வது பொருத்தமாகாது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இன்று தோட்டத்தில் மாத்திரம் வாழவில்லை. அவர்கள் பதுளை நகரத்துக் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், கொழும்பிலும், மத்திய கிழக்கிலும் தொழில் புரிந்துவிட்டு, திருமணத்துக்காக மீண்டும் மலைக்கே திரும்பி வருகின்றனர்.

உடற்பருமன் எது என்பதில் எம்மிடையே தெளிவு குறைவு. 'நல்லா இருக்கிறாள்' என்று ஊரார் சொன்னால் அது பெரும்பாலும் சதைப்பிடிப்பைத்தான் குறிக்கிறது. வைத்தியத் துறையினர் உடற்திணிவுச் சுட்டெண் என்ற அளவைக் கையாளுகின்றனர். கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் கிடைப்பதே அது. பொதுவாக 25 ஐத் தாண்டினால் அதிக நிறை, 30 ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆனால் ஆசிய மக்களின் உடலில் குறைந்த நிறையிலேயே கொழுப்பு அதிகமாகச் சேர்ந்துவிடுவதால், 23 இலிருந்தே கவனம் தேவை, 27.5 இலிருந்து ஆபத்து அதிகம் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சுட்டிக்காட்டியது. எமது தோட்டத்துப் பெண்களில் பலர் உயரம் குறைந்தவர்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 150 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண் 52 கிலோவை அடையும்போதே 23 என்ற எல்லையைத் தொட்டுவிடுகிறாள். 62 கிலோவில் ஆபத்து எல்லையையும், 68 கிலோவில் 30 ஐயும் கடந்துவிடுகிறாள். அறுபத்திரண்டு கிலோ என்றால் எமது வீடுகளில் யாரும் 'பருமன்' என்று சொல்லமாட்டார்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பார்ப்பது நல்லது. ஆசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டால் அது வயிற்றுக் கொழுப்பின் அறிகுறியாகும்.

வறுமையும் உடற்பருமனும் ஒரே லயத்தில் எவ்வாறு குடியிருக்க முடியும் என வாசகர்கள் வினவலாம். பசியை அடக்குவதற்கு மிக மலிவான வழி மாவும் சீனியுமே. விடியற்காலையில் சாயத் தண்ணீர், பத்து மணிக்குக் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலில் ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஒரு கரண்டிப் பருப்பு, மாலையில் மீண்டும் தேநீருடன் பணிஸ் அல்லது பிஸ்கட் என்று கழிகிறது நாள். இதில் வயிறு நிரம்புகிறது, உடல் நிரம்புவதில்லை. சீனியின் கணக்கை மாத்திரம் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி வீதம் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை தேநீர் அருந்தும் பெண் 75 கிராம் சீனியை, அதாவது 300 கலோரி சக்தியை உட்கொள்கிறாள். நாளாந்தம் 50 கிராமுக்கு மேற்படலாகாது, இயன்றால் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது சிறந்தது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டுப் பரிந்துரையின் சாரம். 2016 முதல் எமது நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடுகள் இடப்படுகின்றன. வீட்டுத் தேநீர்க் கோப்பைக்கு அப்படியொரு குறியீடு இல்லை. இருந்திருந்தால் எமது கோப்பைகளிற் பல சிவப்பாகவே இருந்திருக்கும்.

காலை முதல் மாலை வரை சரிவான மலையில் கூடையைச் சுமந்து ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த தலைமுறைக்கு இந்த உணவு உடலில் தங்கவில்லை. அவர்களது உழைப்பு அதனை எரித்துவிட்டது. அவ்வுணவு அப்படியே இருக்க, தையல் இயந்திரத்தின் முன்னாலோ கடையின் கல்லாவிலோ எட்டு மணித்தியாலம் அமர்ந்திருக்கும் மகளின் உடலில்தான் அது தங்குகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது முட்டையும் மீனும் பால்மாவும்தான் ஏழை வீட்டுத் தட்டிலிருந்து முதலில் மறைந்தன என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. பதுளை, வெலிமடை, குருத்தலாவை போன்ற இடங்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கு புரதம் குறைவில்லை. ஆயினும் பொரித்த சிற்றுண்டிகளும், விருந்துகளின் நெய்ச்சோறும், வட்டிலப்பமும், பெண்கள் வெளியிறங்கி நடப்பதற்கான வாய்ப்பின்மையும் சேர்ந்து அதே இடத்துக்குத்தான் கொண்டுசேர்க்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. தாயின் வயிற்றிலேயே பற்றாக்குறையை அனுபவித்து நிறை குறைந்து பிறந்த குழந்தை, வளர்ந்த பின்னர் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் எளிதில் ஆளாகிறது என்ற கருத்தை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதியில் முன்வைத்தார். இந்தியாவின் புனே நகரில் வைத்தியர் யாக்னிக் தலைமையில் நடைபெற்ற ஆய்வுகள், அங்கு பிறந்த குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட நிறை குறைந்தவையாக இருந்தபோதிலும் அவற்றின் உடற்கொழுப்பு அதே வீதத்தில் குறைந்திருக்கவில்லை என்பதைக் காட்டின. பற்றாக்குறைக்குப் பழகிய உடல், பின்னர் கிடைக்கும் மேலதிக உணவை வயிற்றைச் சுற்றிச் சேமித்துக்கொள்கிறது. ஆகவே நேற்றைய மெலிந்த குழந்தையே இன்றைய பருத்த இளம்பெண்ணாக வந்து நிற்பது வியப்புக்குரியதல்ல. தோட்டப்புறத்தில் மெலிவையும் பருமனையும் இரு வேறு பிரச்சினைகளாக நோக்குவது தவறு என்றே நாம் கருதுகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

இப்பருமன் பெண்ணின் தாய்மையை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இனி நோக்குவோம்.

உடற்கொழுப்பு வெறுமனே ஓரிடத்தில் தேங்கிக் கிடக்கும் பொருளன்று. அதுவும் ஒரு சுரப்பியைப் போன்று ஓமோன்களை உருவாக்குகிறது. கொழுப்பு மிகும்போது இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாமற் போகிறது. அதை ஈடுசெய்ய உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அம்மிகை இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண்தன்மை ஓமோன்களின் அளவைக் கூட்டிவிடுகிறது. விளைவாக, மாதந்தோறும் ஒரு சூல்முட்டை முதிர்ந்து வெளியேற வேண்டிய ஒழுங்கு குலைகிறது. மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது, அல்லது வந்தால் நிற்பதில்லை. முகத்தில் முடி வளர்கிறது, பரு நீங்குவதில்லை, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடிக்கிறது. பொதுமக்கள் 'நீர்க்கட்டி' என்று குறிப்பிடும் பல்பைச் சூலக நோயின் அடையாளங்கள் இவை. பேராசிரியர் சந்திரிகா விஜேயரத்னவும் சக ஆய்வாளர்களும் கம்பஹா மாவட்டத்தில் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில் 15 முதல் 39 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு 6 பேருக்குச் சற்று அதிகமானோரிடம் இந்நோய் காணப்பட்டது. இந்நோய் பருமனற்ற பெண்களுக்கும் வருவதுண்டு. ஆனால் பருமன் அதனைத் தீவிரப்படுத்துகிறது.

இங்குதான் எமது சமூகத்தின் பெரும் துயரமொன்று மறைந்து கிடக்கிறது. பதினாறு வயது மகளுக்கு மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை என்றால் பல தாய்மார் அதை வெளியில் சொல்வதில்லை. 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று மூடி வைக்கின்றனர். கல்யாணம் ஆகிறது, சரியாவதில்லை. இரண்டு ஆண்டு கடந்ததும் 'ஒன்றும் இல்லையா' என்ற விசாரிப்பு ஆரம்பமாகிறது. கோவிலில் நேர்த்தி வைக்கப்படுகிறது, தாயத்துக் கட்டப்படுகிறது. இரண்டாந் திருமணப் பேச்சும் சில வீடுகளில் தலைகாட்டுகிறது. கணவனை எவரும் வைத்தியரிடம் அனுப்புவதில்லை. பிள்ளையின்மைக்குக் காரணம் கணிசமான தம்பதியரில் ஆணிடமும் இருக்கிறது என்பதும், ஆணின் உடற்பருமனும் புகையும் மதுவும் விந்தணுக்களைப் பாதிக்கின்றன என்பதும் நிரூபிக்கப்பட்ட உண்மைகள். முதற் பரிசோதனை இருவருக்கும் ஒன்றாக நடைபெற வேண்டும். அதிலும் விந்துப் பரிசோதனை எளிதானது, செலவும் குறைவு. அதனைத் தவிர்த்துவிட்டுப் பெண்ணை மாத்திரம் ஊர் ஊராக அழைத்துச் செல்வது அநீதி என்று சொல்வதில் எமக்குத் தயக்கமில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. இத்தகைய பெண்கள் தமது நிறையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதத்தைக் குறைத்தாலே பலருக்குச் சூல்முட்டை வெளியேறும் ஒழுங்கு மீண்டும் திரும்புகிறது. 68 கிலோ கொண்டவருக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோ வரையே. 'மெலிந்து கொடியாக வேண்டும்' என்று எவரும் கேட்கவில்லை. மூன்று கிலோவைக் குறைப்பது, தேநீரின் சீனியை அரைத் தேக்கரண்டியாக்கி, இரவு ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, நாளும் அரைமணி நேரம் விரைந்து நடப்பவருக்குச் சில மாதங்களில் எட்டக்கூடிய இலக்குத்தான். மலைப்பாதையில் அரைமணி நேர நடை என்பது சமவெளியின் ஒரு மணி நேரத்துக்குச் சமம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முற்றிலும் வேடிக்கையுமல்ல. இதனால் பலன் கிடைக்காதவர்களுக்கு மருந்துகள் உள்ளன. ஆனால் விளம்பரங்களில் வரும் 'எடை குறைக்கும்' தேயிலைகளையும் மாத்திரைகளையும், கருத்தரிக்க விரும்பும் பெண்கள் வைத்தியரைக் கேளாமல் நாடலாகாது.

தோட்டப்புறத்தில் அடிக்கடி எழும் கேள்வியொன்றுக்கும் இவ்விடத்திலேயே விடை சொல்லிவிடுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றப்படும் 'டெப்போ' ஊசியால் உடம்பு ஊதிவிடுகிறது, பிறகு பிள்ளை தங்குவதில்லை என்பது பரவலான பேச்சு. இதில் பாதி உண்மை. சிலருக்கு, குறிப்பாக ஏற்கெனவே பருமனாக உள்ள இளம் பெண்களுக்கு, அவ்வூசியால் நிறை கூடுவதுண்டு. ஊசியை நிறுத்திய பின்னர் கருத்தரிக்கச் சராசரியாக ஒன்பது, பத்து மாதங்கள் செல்லலாம். ஆனால் அது நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. அடுத்த ஆண்டு பிள்ளை வேண்டும் என எண்ணுபவரும், ஊசியால் நிறை கூடியவரும் வேறு முறைக்கு மாறலாம். மக்கள் 'மிட்வைப்' என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைக் கேட்பது பெண்ணின் உரிமை.

பருமனான பெண் கருவுற்ற பின்னர் ஏற்படக்கூடிய ஆபத்துகள் பலவகைப்பட்டன. கருச்சிதைவுக்கான வாய்ப்பு ஓரளவு அதிகம். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள், அதாவது பல பெண்களுக்குத் தாம் கர்ப்பமுற்றிருப்பதே தெரியும் முன்னர், மூடிவிடுகிறது. பருமனான தாய்மாரின் குழந்தைகளில் இக்குழாய் சரிவர மூடாத குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே போலிக் அமில மாத்திரையைக் கருவுற்ற பின்னரல்ல, கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே தொடங்க வேண்டும். பருமனானவருக்கு வழமையைவிடக் கூடிய அளவு தேவைப்படுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். குழந்தையின் குறைபாடுகளைக் கண்டறியும் 'ஸ்கேன்' பரிசோதனையிலும் வயிற்றின் தடித்த கொழுப்புப் படையினால் படம் தெளிவற்றுப் போவதுண்டு.

அடுத்தது கர்ப்பகால நீரிழிவு. கர்ப்பத்தின்போது நச்சுக்கொடி சுரக்கும் ஓமோன்கள் எல்லாப் பெண்களிலும் இன்சுலினின் வேகத்தைத் தணிக்கின்றன. ஏற்கெனவே இன்சுலின் திணறிக்கொண்டிருக்கும் பருமனான உடலில் சீனி கட்டுமீறுகிறது. அச்சீனி தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்கிறது. குழந்தையின் உடல் தானே இன்சுலினை மிகையாகச் சுரந்து அதனைக் கொழுப்பாக மாற்றுகிறது. நான்கு கிலோவுக்கு மேல் வளர்ந்த குழந்தையைக் கண்டு உறவினர் பூரிக்கின்றனர். 'கொழு கொழு' என்று பிறந்தது எனப் பெருமை கொள்கின்றனர். ஆனால் உயரம் குறைந்த தாயின் ஒடுங்கிய இடுப்பெலும்பு வழியாக அக்குழந்தை வெளிவர வேண்டியுள்ளதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. தலை வெளிவந்து தோள் சிக்கிக்கொள்வது பிரசவ அறையில் நிகழக்கூடிய மிகப் பயங்கரமான நிகழ்வுகளில் ஒன்று. பிறந்த சில மணித்தியாலங்களில் குழந்தையின் சீனி சடுதியாகக் குறைந்து வலிப்பு ஏற்படவும் கூடும். இதனை அறிய இரத்தப் பரிசோதனை தவிர வேறு வழியில்லை. பெரும்பாலான தாய்மாருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றாது. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 92 மில்லிகிராமை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ள வேண்டும் என 2013 இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. கர்ப்பமில்லாத ஒருவரில் இவ்வளவு சாதாரணமானது என்பதால், 'உனக்கு ஒன்றுமில்லை' என்று பக்கத்து வீட்டு நீரிழிவு நோயாளி சொல்வதைக் கேட்டு ஏமாறக்கூடாது. முதல் வருகையில் ஒரு முறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து மறுமுறையும் சோதித்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவதும் மிகக் கொடியதும் உயர் குருதியமுக்கம். தாயின் உடற்திணிவுச் சுட்டெண் ஒவ்வொரு ஐந்து முதல் ஏழு அலகு உயரும்போதும் கர்ப்பகால நச்சுநிலையின் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது பல ஆய்வுகளின் தொகுப்பிலிருந்து 2003 இல் வெளியான முடிவு. கால் வீக்கம் கர்ப்பத்தில் சாதாரணம் என்று அலட்சியம் செய்கிறோம். ஆனால் முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலியும் கண்ணில் மின்னல் போன்ற பொறியும் மேல்வயிற்று வலியும் தோன்றினால் ஒரு மணி நேரமும் காத்திருக்கலாகாது. அடுத்து வருவது வலிப்பு.

'அவசரமாக' என்ற சொல்லுக்கு ஊவாவில் தனிப்பொருள் உண்டு. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ உள்ள ஒரு டிவிசனிலிருந்து தாயைக் கொண்டுவர முதலில் லயத்திலிருந்து வீதி வரை சுமக்க வேண்டும், பின்னர் கற்கள் பெயர்ந்த தோட்டப்பாதையில் லொறியோ முச்சக்கரவண்டியோ கிடைக்க வேண்டும், அதன் பின்னரே பசறை வீதி, பதுளை போதனா வைத்தியசாலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மண்சரிவுகளால் பதுளை மாவட்டத்தின் பாதைகள் துண்டிக்கப்பட்டதை நாம் அறிவோம். சமவெளியில் அரைமணித்தியாலத் தாமதமாக இருப்பது மலையில் அரைநாளாகலாம். பருமனான தாய்க்குச் சத்திரசிகிச்சைப் பிரசவத்துக்கான தேவை அதிகம், முதுகில் மயக்க ஊசி ஏற்றுவது கடினம், பிரசவத்தின் பின் இரத்தப்பெருக்கும் காயத்தில் கிருமித் தொற்றும் காலில் இரத்தக் கட்டியும் ஏற்படும் வாய்ப்பு அதிகம். இரத்தக் கட்டி நுரையீரலை அடைந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகையால் இத்தகைய தாய்மார் தோட்ட மருந்தகத்தையோ சிறு வைத்தியசாலையையோ நம்பி வலி வரும்வரை காத்திருக்காமல், விசேட வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலையில் முன்கூட்டியே பதிந்து, குறித்த நாளில் சென்று தங்குவதே அறிவுடைமை. 'அக்காவுக்கு மூன்றும் வீட்டிலேயே சுகமாகப் பிறந்தது' என்ற மாமியாரின் சாட்சியம் இங்கு செல்லாது.

உணவு பற்றிய எமது பழைய உபதேசமும் திருத்தப்பட வேண்டியது. 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்பது மெலிந்த தாயை எண்ணி அன்போடு சொல்லப்பட்ட வார்த்தை. முதல் மூன்று மாதங்களில் கர்ப்பிணிக்கு மேலதிக சக்தி ஏறக்குறையத் தேவையேயில்லை. பின்னைய மாதங்களில் நாளுக்கு 350 முதல் 450 கலோரி வரை போதுமானது. ஓர் அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கடலை, ஒரு துண்டு மீன், சிறிது கீரை ஆகியவற்றில் அது அடங்கிவிடும். அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2009 இல் வெளியிட்டதும் பல நாடுகளில் பின்பற்றப்படுவதுமான அளவின்படி, சுட்டெண் 18.5 க்குக் குறைந்த மெலிந்த தாய் கர்ப்பகாலம் முழுவதிலும் 12.5 முதல் 18 கிலோ வரையும், சாதாரண நிறையுள்ளவர் 11.5 முதல் 16 கிலோ வரையும் கூடலாம். சுட்டெண் 25 முதல் 30 வரை உள்ளவருக்கு 7 முதல் 11.5 கிலோவும், 30 ஐத் தாண்டியவருக்கு 5 முதல் 9 கிலோவுமே உகந்தது. ஒரே வீட்டின் இரு மருமகள்மாருக்கு ஒரே தட்டில் ஒரே அளவாகப் பரிமாறுவது சமத்துவமாகத் தோன்றலாம். இங்கு அது பொருந்தாது. அதேவேளை கர்ப்பமான பின்னர் பட்டினி கிடந்து நிறையைக் குறைக்க முயல்வது குழந்தைக்குத் தீங்கானது. கர்ப்பகாலம் மெலிவதற்கான காலமல்ல, அளவுக்கு மீறி ஏறாதிருப்பதற்கான காலம்.

பருத்த உடலில் இரத்தம் நிறைய இருக்கும் என்ற நம்பிக்கையும் பிழை. மாவும் சீனியும் இரும்புச்சத்தைத் தருவதில்லை. உருண்டு திரண்ட தாய்க்கும் கடும் இரத்தச்சோகை இருக்கலாம். அவள் வெளிறித் தெரியாததால் அது கவனிக்கப்படாமலும் போகலாம். தேயிலை விளையும் மண்ணில் சொல்வதற்குச் சற்றுச் சங்கடமாயினும், உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமேனும் தேநீரைத் தள்ளிவைக்க வேண்டும். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீருடனோ தோடம்பழத்துடனோ எடுப்பது மேல்.

ரமழான் மாதத்தில் கர்ப்பிணிகள் நோன்பைப் பிற்போடுவதற்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளதை எமது முஸ்லிம் சகோதரிகள் அறிவர். எனினும் ஏனையோருடன் சேர்ந்து நோற்றுவிட வேண்டும் என்ற ஆவலில் பலர் அச்சலுகையைப் பயன்படுத்துவதில்லை. கர்ப்பகால நீரிழிவுள்ளவர், குறிப்பாக இன்சுலின் ஏற்றிக்கொள்பவர், வைத்தியரின் ஆலோசனையின்றி நோன்பு நோற்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது. நோன்பு நோற்கும் ஏனைய பெண்களுக்கும் ஒரு சொல். நோன்பு துறக்கும் வேளையில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதுமானவை. சமோசாவும் ரோல்ஸும் சர்பத்தும் தொடர்ந்தால் நோன்பு மாத முடிவில் தராசு ஏறித்தான் நிற்கும்.

பிரசவத்தின் பின்னரும் நிறை பற்றிய கவனம் தளரலாகாது. பிள்ளை பெற்ற உடம்பு என்று நாற்பது நாள் படுக்கையில் வைத்து, நெய்யும் இனிப்புமாகக் கொடுத்து, நடக்கவிடாமல் காப்பது தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள வழக்கம். அதன் அடியிலுள்ள அன்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் பருமனான தாய்க்கு அசையாத படுக்கை இரத்தக் கட்டிக்கு அழைப்பு விடுப்பதாகும். பருமனான தாய்மாருக்குத் தாய்ப்பால் சற்றுத் தாமதித்துச் சுரப்பதுண்டு. பால் போதவில்லை என்று பால்மாவுக்கு ஓடாமல், அடிக்கடி குழந்தையை மார்பில் விட்டால் அது வந்து சேரும். பாலூட்டுவது தாயின் நிறை இறங்கவும் துணைசெய்கிறது. முதற் பிரசவத்தில் ஏறிய நிறை இறங்கும் முன் அடுத்த கர்ப்பம் தங்கிவிடுவதே ஆபத்தின் இரண்டாம் படி. சுவீடனில் ஒன்றரை இலட்சம் பெண்களின் முதலிரு பிரசவங்களை ஒப்பிட்டு 2006 இல் வெளியான ஆய்வு, இடைக்காலத்தில் சுட்டெண் மூன்று அலகு ஏறியவர்களுக்கு, அவர்கள் பருமன் என்ற எல்லையைத் தொடாதபோதும், நச்சுநிலை, நீரிழிவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய ஆபத்துகள் கூடியதைக் காட்டியது. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு மூன்று அலகு என்பது ஏழு கிலோவுக்கும் குறைவு.

எனவே தலையிட வேண்டிய தருணம் ஏழாம் மாதக் கிளினிக் அல்ல, திருமணத்துக்கு முன்னரும் இரு பிள்ளைகளுக்கு இடைப்பட்ட காலமுமே. புதுமணத் தம்பதியரைக் கருவுறும் முன்னரே அழைத்து நிறை, உயரம், குருதியமுக்கம், சீனி ஆகியவற்றைப் பார்க்கும் ஏற்பாடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நடைமுறையில் உள்ளது. ஆனால் தோட்டத்திலிருந்து ஒரு பெண் அங்கு செல்வதென்றால் அன்றைய பேர் விழாது, சம்பளம் இல்லை. கணவனும் சென்றால் இருவரது நாட்சம்பளமும் போய்விடும். சென்ற இடத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கொள்ள இன்னொருவரைத் தேட வேண்டும். தோட்ட முகாமைத்துவங்கள் கிளினிக் நாளை முழுப் பேராகக் கணக்கிடுவதும், பிள்ளைக்காம்பராவிலோ தோட்ட மருந்தகத்திலோ மாதம் ஒருமுறை மாலை வேளையில் இப்பரிசோதனையை நடத்துவதும் பெருஞ் செலவு பிடிக்கும் காரியங்களல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையின் பட்டியலில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

கர்ப்பகாலத்தில் சீனி இருந்து, பிரசவத்தின் பின் 'போய்விட்டது' என்று அனுப்பப்பட்ட தாய்மார் அதனை மறந்துவிடுவதே வழமை. அவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு ஏற்படும் ஆபத்து ஏனையோரைவிட ஏழு மடங்குக்கு மேல். பிரசவமாகி ஆறு வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடியும் செய்துகொள்ள வேண்டும், அதன்பின் ஆண்டுக்கொரு முறை. 'சுவநாரி' என்று சிங்களத்தில் வழங்கும் மகளிர் நலக் கிளினிக்குகளிலும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களிலும் இது இலவசம். குழந்தைக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி ஏற்றக் கொண்டுசெல்லும் தாய்மார், குழந்தையின் அட்டையுடன் தமது கர்ப்பகாலப் பதிவேட்டையும் கையோடு எடுத்துச் சென்றால், தமது பரிசோதனைக்கான நாளையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.